பீன்ஸ் காய்க்குள் முட்டை வைக்கும் நாவாய்ப்பூச்சி

வெண்டையில் இலைச்சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேனுக்கு மருந்தடித்தால் சில நாளிலேயே முன்பைவிட அதிகமாக வருகிறதே, ஏன் என்று ஒரு வாசகர் கேட்கிறார். மருந்து பேனோடு சேர்த்து அதைத் தின்னும் பூச்சிகளையும் கொன்றுவிடுகிறது. பேன் மளமளவென்று பெருகும். தின்னிகள் மெதுவாகத்தான் திரும்பும்.

அப்படியானால் தின்னிகளை நாமே வளர்த்து வயலில் விடலாமே? இந்தக் கேள்விக்காக உழைத்தவர் பூச்சியியலாளர் சந்தீஷ் பல்லால். பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தின் இயக்குநராக இருந்தவர். காய்ப்புழுவைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவி, தென்னைக் கருந்தலைப்புழுவைத் தின்னும் நாவாய்ப்பூச்சி என்று பலவற்றை ஆராய்ந்திருக்கிறார். அவற்றில் அருமையானது, சிலந்திப்பேனைத் தின்னும் பிளாப்டோஸ்தீத்தஸ் பல்லெசென்ஸ் என்ற சின்னஞ்சிறு நாவாய்ப்பூச்சியை வளர்க்கும் முறை.

அதற்குத் தீனி, தானியத்தில் வளரும் கார்சைரா அந்துப்பூச்சியின் முட்டை. உடைத்த கம்பு இரண்டரை கிலோவை 100 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கி ஆறவைத்து, நிலக்கடலைப் பருப்புத்தூள் 100 கிராம், ஈஸ்ட் 5 கிராம், கந்தகத்தூள் 5 கிராம் கலந்து அதில் அந்துப்பூச்சியை வளர்ப்பார்கள். வளர்ப்புத் தட்டின் வாயைக் காடாத் துணியால் இறுகக் கட்டாவிட்டால் பிராக்கான் என்ற ஒட்டுண்ணிக் குளவி புகுந்து புழுக்களையெல்லாம் அழித்துவிடும். தென்னந்தோப்பில் கருந்தலைப்புழுவைத் தாக்கி நமக்கு நண்பனாக இருக்கும் அதே பிராக்கான்தான்! சேகரித்த முட்டைகளைப் புறஊதா விளக்கில் காட்டிக் கருவைக் கொன்றபின்பே தீனியாகப் போட வேண்டும்; இல்லாவிட்டால் மிச்ச முட்டைகள் பொரிந்து புழுவாகிவிடும்.

பெண் நாவாய்ப்பூச்சி முட்டையை வெளியே இடுவதில்லை. முட்டையிடும் ஊசியால் பசுந்திசுவைத் துளைத்து உள்ளே செருகுகிறது. முட்டையின் மூடி மட்டும் வெள்ளைப் புள்ளியாக வெளியே தெரியும். முட்டை காயாமல் இருக்க அந்தத் திசுவின் ஈரமே காப்பு. ஆய்வகத்தில் செடிக்குப் பதிலாக பீன்ஸ் காய்த் துண்டுகளைப் போட்டார்கள். மலிவானது, சந்தையில் கிடைப்பது. ஆனால் காயில் மருந்து எச்சம் இருந்தால் குஞ்சுகள் செத்துவிடும். காய் வதங்கினால் முட்டையும் வதங்கும். பொரிந்த குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னாமலிருக்கப் பஞ்சிழைகளைப் பரப்பிப் பதுங்க இடம் தருகிறார்கள்.

பீன்ஸும் பஞ்சும் கொண்டு நடக்கும் இந்த வேலையில் மருந்தைப்போலப் புட்டியில் அடைத்து விற்பது எளிதல்ல. அதனால் தனியார் பணம் எளிதில் வராது என்று நினைக்கிறேன். அரசுதான் தாராளமாகத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விடுவதற்கும் நேரம் உண்டு. இலையின் அடிப்பக்கத்தை லென்ஸால் பார்த்து, பேன் அங்கங்கே தென்படும்போதே விட வேண்டும். பேன் பெருகி வலை பின்னியபின் விட்டால் நாவாய்ப்பூச்சியால் ஈடுகொடுக்க முடியாது. விட்டபின் பூச்சிக்கொல்லி தெளிக்கக்கூடாது.