சான்றிதழைக் காட்டினால் விட்டுவிடுவார்களா?

வக்கீலான என்னிடம் இந்த வருடத்தில் இப்படி வரும் மூன்றாவது வழக்கு இது. ஜவுளிக்கடை காசாளர், இருபத்தாறு வயது, பதினான்கு மாதமாகக் கல்லாப் பணத்தை எடுத்து ரம்மி ஆப்பில் போட்டிருக்கிறார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). அவருடைய அம்மா, மகனுக்குச் சூதாட்டக் கோளாறு என்று மனநல மருத்துவர் கொடுத்த சான்றிதழை என் மேசையில் வைத்து, “இதைக் காட்டினா விட்டுடுவாங்கதானே சார்?” என்கிறார். தேதியைப் பார்த்தேன். ஜாமீனில் வந்த மறுநாள்.

விடமாட்டார்கள் அம்மா. யார்தான் இதை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறார்களோ! சூதாட்டக் கோளாறு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இருக்கிறது, சரி. அதனால் குற்றம் இல்லாமல் போய்விடாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு விலக்கு கொடுப்பது, மனநலக் குறைவால் தான் செய்வது இன்னதென்றோ தவறென்றோ அறிய முடியாமல் இருந்தவருக்கு. மாதாமாதம் கணக்கைத் திருத்தி ஆடிட்டர் கண்ணில் மண்ணைத் தூவியவர் அதில் எப்படி வருவார்? அரசு வக்கீல் இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் போதும்.

நோயைப் பேச வேண்டிய இடம் வேறு. குற்றவாளி என்று முடிவான பிறகு, தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்பார், அப்போது. அங்கேயும் சான்றிதழ் மட்டும் எடுபடாது. முதல் குற்றமா, எத்தனை முறை எடுத்தார், எவ்வளவு திருப்பிக் கட்டினார், மாட்டுவதற்கு முன்பே சிகிச்சைக்குப் போனாரா என்று எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். சிங்கப்பூரில் சூதாட்டத்துக்காக நான்கு வங்கிகளை 11.7 கோடி சிங்கப்பூர் டாலர் ஏமாற்றிய நிதி மேலாளருக்கு 2004-ல் கிடைத்தது 42 ஆண்டு.

இன்னொன்று. கடை ஊழியரின் நம்பிக்கை மோசடிக்கு, அதாவது நம்பி ஒப்படைத்த பணத்தை எடுத்துக்கொள்வதற்கு, அதிகபட்சம் 7 ஆண்டு, அதனால் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை நிபந்தனையில் விட வழி செய்யும் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தில் விடச் சொல்லிக் கேட்கலாம். வங்கி ஊழியருக்கும் அரசு ஊழியருக்கும் ஆயுள் தண்டனை வரை உண்டு. ஆயுள் வரக்கூடிய குற்றத்துக்கு, அப்படி விடச் சொல்லும் அந்த நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு பொருந்தாது. வங்கிக்காரர்களே, கேட்கிறதா?

ஆப்பை அழிக்காதீர்கள், வங்கி ஸ்டேட்மென்டை எடுத்து வையுங்கள், பணம் எங்கே போனது என்பதற்கு அதுதான் சாட்சி. லோன் ஆப்பில் வாங்கித் திருப்பிக் கட்டாதீர்கள். சிகிச்சைக்குப் போனால் சான்றிதழோடு நிறுத்தாதீர்கள், ஆறு மாதம் தொடர்ந்து போன சீட்டுகளோடு வாருங்கள், நான் பேசுகிறேன்.

இன்னும் மாட்டாதவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்ல வாய் வரவில்லையென்றால் 14416, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ். காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.