செல் வளர்ப்பில் நாம் சந்தேகிக்க மறக்கும் பரப்பு

செல்கள் தட்டில் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொண்டு வரும் ஆய்வு மாணவர்கள் வளர்ப்பு ஊடகம், அதில் கலக்கும் சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி), இன்குபேட்டர் ஆகிய அனைத்தையும் சோதித்திருப்பார்கள். தட்டை மட்டும் சந்தேகித்திருக்க மாட்டார்கள். பாக்டீரியாவுக்கான பெட்ரி தட்டும் செல் வளர்ப்புத் தட்டும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவையே. ஆனால் செல் வளர்ப்புத் தட்டின் பரப்பில் பிளாஸ்மா எனப்படும் மின்னூட்டம் பெற்ற வாயுவைக் கொண்டு ஆக்சிஜன் அடங்கிய வேதித் தொகுதிகளை உருவாக்கி, நீர் பரவும்படி செய்திருப்பார்கள். இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது; செல்லுக்குத் தெரியும்.

உண்மையில் செல் நம் பொருளை நேரடியாகத் தொடுவதே அரிது. சீரம் கலந்த ஊடகம் பட்ட சில நொடிகளிலேயே பரப்பில் புரதங்கள் படியத் தொடங்கிவிடுகின்றன. அளவில் மிகுந்த ஆல்புமின் முந்திக்கொள்ள, பரப்பை இன்னும் இறுகப் பற்றும் விட்ரோனெக்டினும் ஃபைப்ரோனெக்டினும் பின்னர் அதை அகற்றி அமர்கின்றன. செல் சவ்விலுள்ள இன்டெக்ரின்கள் என்ற பற்றுப் புரதங்கள் தேடுவது இப்புரதங்களில் உள்ள அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற சிறு அமினோ அமில வரிசையைத்தான் என்பதை 1984-இல் பியர்ஷ்பாகரும் ரூஸ்லாட்டியும் காட்டினார்கள். நீரை மிகவும் விலக்கும் பரப்பில் ஆல்புமின் எளிதில் விலகுவதில்லை. ஃபைப்ரோனெக்டின் படிந்தாலும் உருக்குலைந்து, அவ்வரிசை இன்டெக்ரினுக்கு எட்டாமல் போகலாம். நீரை அளவுக்கு மீறி ஈர்க்கும் பல பாலிமர் பரப்புகளிலோ புரதம் தங்குவதே கடினம். எனவேதான் பல செல் வகைகள் இடைப்பட்ட ஈரத்தன்மையுள்ள பரப்பில் நன்கு ஒட்டுகின்றன.

விறைப்பும் இதற்குக் குறைந்ததல்ல. எங்லரும் டிஷரும் சக ஆய்வாளர்களும் 2006-இல் கொலாஜன் பூசிய பாலிஅக்ரிலமைடு ஜெல்களில் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை வளர்த்தபோது, சுமார் 1 கிலோபாஸ்கல் வரை விறைப்புள்ள மென்மையான ஜெல்லில் அவை நரம்பு செல்லின் சாயலையும், 8 முதல் 17 வரை தசையின் சாயலையும், 25 முதல் 40 வரை எலும்பின் சாயலையும் பெற்றன. பாலிஸ்டைரீனின் விறைப்போ ஜிகாபாஸ்கல் (பத்து லட்சம் கிலோபாஸ்கல்) அளவிலானது. அதில் மட்டும் கிடைத்த முடிவை மென்திசுவுக்குப் பொருத்துவோர் சற்றுத் தயங்குவது நல்லது.

டைட்டானியம் பல் உள்வைப்புகளைச் சோதிப்போர் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மணல் வீச்சாலும் அமிலத்தாலும் சொரசொரப்பாக்கிய பரப்பில் எலும்பு உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை மெருகிட்ட பரப்பைவிடக் குறைவாக இருப்பதும், அல்கலைன் பாஸ்படேஸ், ஆஸ்டியோகால்சின் ஆகிய முதிர்ச்சிக் குறிகள் மிகுவதும் பலமுறை பதிவாகியுள்ளன. உயிருள்ள செல்களின் அளவை நிறமாற்றத்தால் மதிப்பிடும் எம்டிடி சோதனையை மூன்றாம் நாள் செய்து, அதோடு நிறுத்திக்கொண்டால் சிறந்த பரப்பையே தோல்வி என்று ஒதுக்கிவிடுவோம்.

அதோடு, டைட்டானியம் காற்றிலுள்ள கரிமச் சேர்மங்களை ஈர்த்துக்கொண்டு, வைத்திருக்க வைத்திருக்க நீரை விலக்கத் தொடங்கும். கிருமிநீக்க முறையும் பரப்பை மாற்றக்கூடும். ஆகவே நீரின் தொடுகோணத்தை, அதாவது நீர்த்துளி பரப்பைத் தொடும் கோணத்தை, கிருமிநீக்கம் செய்த பிறகு, அதே தயாரிப்புத் தொகுதியில் ஒதுக்கிவைத்த ஒரு மாதிரியில், செல்களை விதைக்கும் நாளிலேயே அளந்து, தயாரித்த நாளையும் தட்டின் வகையையும் அதனுடன் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.