கடுக்காயும் ‘அஸ்ட்ரின்ஜென்ட்’ என்னும் சொல்லும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வேலூர் மாணவர் ஒருவர் ‘அஸ்ட்ரின்ஜென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடினால், ‘துவர்ப்பான’, ‘இரத்தக் கசிவை நிறுத்தும்’, ‘கண்டிப்பான’ என மூன்று பொருள்களைக் காண்பார். ஒன்றோடொன்று ஒட்டாதவை போலத் தோன்றும் இம்மூன்றையும் சொல்லின் வேர் இணைத்துவிடுகிறது.

இலத்தீனில் ‘ஸ்ட்ரிங்கெரே’ என்றால் இழுத்து இறுக்குதல். அதனுடன் ‘அட்’ என்ற முன்னொட்டு சேர்ந்து உருவான இச்சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஸ்ட்ரிக்ட்’, ‘ஸ்ட்ரெஸ்’ ஆகியவையும், நாம் நாள்தோறும் சொல்லும் ‘டிஸ்ட்ரிக்ட்’ என்பதும்கூட இதே வேரில் கிளைத்தவையே.

எதை எது இறுக்குகிறது? கடுக்காயைக் கடித்தால், அதிலுள்ள டானின் என்னும் பொருள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொண்டு அவற்றைத் திரளச் செய்கிறது. வழுவழுப்புத் தரும் அப்புரதங்கள் விலகியதும் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் உரசுகின்றன. வாய் சுருங்கியது போன்ற உணர்வு உண்டாகிறது. நாம் துவர்ப்பை அறுசுவையுள் ஒன்றாக எண்ணினாலும், ஆய்வாளர் பலர் அதைப் பெரிதும் தொடு உணர்வாகவே கருதுகின்றனர்.

பழைய வடஆர்க்காட்டின் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களுக்குப் பெயர் தேடித்தந்த தோல் பதனிடும் தொழிலும் இதே வேதியியலின் மேல்தான் எழுந்தது. தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது அதன் மூலக்கூறு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் தோலை ஊறவைக்கும்போது, டானின் மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் பல இடங்களில் கொலாஜனைப் பற்றி, இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைக்கின்றன. அப்படி இறுகிய தோலை நுண்ணுயிரிகள் எளிதில் சிதைக்க முடிவதில்லை. பச்சைத் தோல் அழுகுவதும் பதனிட்ட தோல் பல்லாண்டு உழைப்பதும் இதனால்தான். இன்று பெரும்பாலான ஆலைகளில் குரோமிய உப்புகளே பயன்படுகின்றன என்றாலும், அவையும் கொலாஜன் இழைகளைப் பிணைத்தே வேலை செய்கின்றன.

சலூனில் சவரக் கீறலின்மேல் தேய்க்கும் படிகாரக் கல்லைப் பார்த்தவருக்கு இரண்டாம் பொருள் எளிதில் விளங்கும். படிகாரத்திலுள்ள அலுமினியம் புரதங்களைத் திரட்டித் திசுவைச் சுருக்குவதால் கசிவு நிற்கிறது.

மூன்றாம் பொருளுக்கு ‘கண்டிப்பான’ என்று மட்டும் எழுதிவைப்பது போதாது என்பது என் எண்ணம். ஒரு விமர்சனத்தை ஆங்கிலத்தில் ‘அஸ்ட்ரின்ஜென்ட்’ என்றால் அது வெறும் வசவு அன்று. கடுக்காய்போல் முதலில் வாயைச் சுருங்கவைத்தாலும், தளர்ந்து கிடந்த எழுத்தை இறுக்கிக் கட்டும் விமர்சனம் அது.