அட்டைப்பட விமானங்கள் ஏன் பறக்க மறுக்கின்றன?

அறிவியல் புனைகதை நூல்களின் அட்டையில் வரும் பல விமானங்களைக் கொஞ்சம் நின்று பார்த்தால் குறை தெரிந்துவிடும். உடல் முழுக்கக் கோடுகளும் குழாய்களும் நீல ஒளியும் இருக்கும். இன்ஜினுக்குள் காற்று நுழைய வழி இருக்காது. சக்கரம் கீழே இறங்கியிருக்கும். அது மடங்கி உள்ளே போக இடம் இருக்காது. விமானியின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆள் உட்காரும் ஆழமே இருக்காது. கணினியில் வரையத் தொடங்கியதால்தான் அட்டை ஓவியம் சரிந்தது என்று பலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. போட்டோஷாப், கிரிட்டா போன்ற வரைகலை மென்பொருள்களிலும் நல்ல விமானம் வரையலாம். சரிந்தது, வரைவதற்கு முன் நடக்க வேண்டிய யோசனை.

பழைய ஓவியர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். 1926 ஏப்ரலில் வெளிவந்த ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையின் முதல் இதழுக்கு அட்டை வரைந்த ஃபிராங்க் ஆர். பால் கட்டடக்கலை பயின்றவர். பின்னாளில் விண்வெளித் திரைப்படங்களுக்கு வரைந்த ரால்ஃப் மெக்குவாரி, அதற்கு முன் போயிங் நிறுவனத்தில் தொழில்நுட்பப் படங்கள் வரைந்தார். அறிவியல் புனைகதைத் திரைப்படங்களுக்கு வடிவமைத்த சிட் மீட், ஃபோர்டு கார் வடிவமைப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். இயந்திரத்தின் உட்புறம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் வெளிப்புறத்தை வரைந்தார்கள். 1970களில் கிறிஸ் ஃபாஸ் ஏர்பிரஷ்ஷால் (காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் கருவி) பிரிட்டிஷ் பேப்பர்பேக் அட்டைகளில் தீட்டிய ராட்சத விண்கலங்களை வாசகர் நம்பியதற்குக் காரணமும் அளவுகளில் அவர் காட்டிய கவனம்தான்.

அன்று அட்டை கடைத்தட்டில் சில அடி தூரத்திலிருந்து கண்ணை இழுக்க வேண்டும். இன்று அதே அட்டை இணையக் கடையில் 150 பிக்சல் அகலத்தில் தெரிகிறது. அதனால் எழுத்து பெரிதாகிறது, படம் பின்னணியாகச் சுருங்குகிறது. படத்துக்கு ஒதுக்கும் பணமும் நாளும் அதோடு குறைகின்றன. கதைப்பிரதியே ஓவியர் கைக்கு வராமல், ‘நீலப் பின்னணியில் ஒரு கலம்’ என்ற ஒற்றை வரி மட்டும் வருகிறது. யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய முப்பரிமாண மாடலை வாங்கி ஒட்டினால் அதே கலம் வேறு மூன்று நூல்களிலும் பறக்கும். இப்போது எழுத்துக் குறிப்பிலிருந்து படம் உருவாக்கும் மென்பொருள்களும் சேர்ந்துவிட்டன. அவற்றின் படத்தில் இடப்பக்கம் இரண்டு இன்ஜின், வலப்பக்கம் மூன்று இன்ஜின் இருப்பதைக்கூட யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு படக்கதை நூலின் எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் உரிமையை ஏற்று, மென்பொருள் உருவாக்கிய தனித்தனிப் படங்களுக்கு மறுத்துவிட்டது. அப்படியொரு படத்தை அட்டையாகப் போடும் பதிப்பாளருக்கு, அதையே இன்னொருவர் எடுத்துப் போட்டால் அமெரிக்காவில் தடுப்பது கடினம்.

சரி, வேலைக்கு வருவோம். மென்பொருளைத் திறக்கும் முன் கதையிலிருந்து மூன்று விடைகள் வேண்டும்: கலம் எங்கே பறக்கிறது, என்ன வேகம், எத்தனை மீட்டர் நீளம். பாதி வடிவம் இந்த மூன்றிலேயே முடிவாகிவிடும்.

காற்றில் ஒலியை மிஞ்சிப் பறப்பது என்றால் மூக்கு நுனியிலிருந்து அதிர்ச்சிக் கூம்பு, அதாவது கூம்பு வடிவ அழுத்த அலை, கிளம்பும். மாக் 2 வேகத்தில் (ஒலியைப் போல் இரண்டு மடங்கு) நடுக்கோட்டிலிருந்து அதன் கோணம் ஏறத்தாழ 30 பாகை, மாக் 3 வேகத்தில் ஏறத்தாழ 19 பாகை. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் இந்தக் கோடுகளைத் தனி லேயரில் போட்டு, இறக்கை நுனிகளை உள்ளே அடக்குங்கள். வேகமான விமானங்கள் ஏன் ஒடுங்கி நீண்டிருக்கின்றன என்பது கைக்கே புரிந்துவிடும். காற்று நுழைவாயை உடலோடு ஒட்டி வரையாதீர்கள். உடலை உரசி வரும் மெதுவான காற்று இன்ஜினுக்குள் போகக்கூடாது என்பதால் பல போர் விமானங்களில் நுழைவாய்க்கும் உடலுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். அந்த ஒரு நிழற்கோடு நூறு அலங்காரக் கோடுகளுக்குச் சமம். சக்கரங்களில் பிரதானமானவை எடைமையத்துக்குச் சற்றுப் பின்னால் வரவேண்டும். முன்னால் வந்தால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் முன்சக்கரம் தாங்கும், அதனால் அதன் கால் மெலிந்தே இருக்கட்டும்.

வெற்றிடத்தில் பறப்பது வேறு உலகம். அங்கே காற்று நுழைவாய்க்கு வேலையில்லை, வெப்பத்தை வெளியே கதிர்க்கும் பெரிய தட்டையான பலகைகளுக்கு வேலை உண்டு. ராக்கெட் புகையைப் பென்சில் போல மெல்லிய நீலக்கோடாக வரைவது மிகப் பரவலான தவறு. வெற்றிடத்தில் வெளியேறும் வாயு அகன்று விரிந்து மங்கிவிடும். அந்த வாயுவில் வைரம் வைரமாக அடுக்கிய ஒளிக்கட்டிகள் காற்றழுத்தம் இருக்கும் இடத்தில்தான் தெரியும். பூமியின் உயரவானில் ஜெட் விமானம் விடும் வெண்கோடும் இன்ஜின் வாயிலேயே தொடங்காது. ஆவி குளிர்ந்து பனித்துகளாக உறையக் கொஞ்சம் தூரம் வேண்டும்.

அதிகம் சறுக்குவது அளவில்தான். கதவு என்றால் 2 மீட்டர், பயணிகள் விமானத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் ஏறத்தாழ அரை மீட்டர். 70 மீட்டர் கலத்துக்கும் 700 மீட்டர் கலத்துக்கும் ஒரே தடிமனில் தகடு இணைப்புக் கோடு போட்டால் இரண்டும் பொம்மையாகிவிடும். 700 மீட்டர் கலம் படத்தில் 2,000 பிக்சல் நீளம் என்றால் ஒரு பிக்சல் 35 சென்டிமீட்டர். ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அங்கே தெரியவே முடியாது, கதவு ஆறு பிக்சலுக்கும் குறைவு. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டு வரையுங்கள். நுண்பாகங்களைக் கலம் முழுக்கத் தூவாமல் இன்ஜின், கதவு, இணைப்பு ஆகிய வேலை நடக்கும் இடங்களில் குவியுங்கள். கண் ஓய்வெடுக்க வெறும் தகடு வேண்டும்.

நிழலிலும் அளவைச் சொல்லலாம். வானில் சூரியனின் அகலம் ஏறத்தாழ அரை பாகை. அதனால் நிழல் விழும் தூரம் 100 மீட்டர் என்றால் விளிம்பு ஏறத்தாழ ஒரு மீட்டர் மங்கும். இறக்கை தன் உடல்மேல் போடும் நிழல் கூர்மையாகவும், தொலைவிலுள்ள கோபுரத்தின் நிழல் மென்மையாகவும் இருந்தால் பார்ப்பவர் காரணம் தெரியாமலேயே பெரிய கலம் என்று நம்புவார். காற்று இருக்கும் இடத்தில் தூரம் கூடக்கூடக் கறுப்புதான் முதலில் வெளிறி வானின் நிறத்துக்கு மாறும். வெற்றிடத்தில் அந்த உதவி கிடையாது. அங்கே கோள் ஒன்று கீழிருந்து எதிரொளிக்கும் மெல்லிய வெளிச்சம்தான் கலத்தின் வயிற்றைக் காட்டும்.

வரையும் வரிசை இது. முதலில் 6 சென்டிமீட்டர் உயரத்தில் கறுப்பு, சாம்பல், வெள்ளை மூன்றே தொனியில் பத்துப் பன்னிரண்டு சிறு வரைவுகள். தேறிய ஒன்றை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பெட்டியும் உருளையுமாகக் கட்டி, கண்மட்டத்தையும் சூரியனையும் நிலைநிறுத்தி ஒரு படம் எடுங்கள். அதன்மேல் தீட்டத் தொடங்குங்கள். புகைப்படத் துண்டுகளை ஒட்டுவது கடைசியில்தான், அதுவும் உங்கள் சூரியன் இருக்கும் திசையிலிருந்து ஒளி விழுந்த துண்டுகளை மட்டும். ஒவ்வொரு மணி நேரமும் படத்தை 150 பிக்சலுக்குச் சுருக்கியும் நிறம் நீக்கியும் பாருங்கள். ஆரஞ்சுக் கலமும் நீல வானமும் திரையில் பளிச்சென்று பிரிந்து நின்றாலும், இரண்டின் வெளிச்ச அளவும் ஒன்றாக இருந்தால் 16 சாம்பல் தொனிகள் மட்டுமே காட்டும் மின்தாள் வாசிப்பானில் கலம் கரைந்துவிடும்.

அச்சுக்கு 129 × 198 மி.மீ. நூல், 320 பக்கம், தாள் தடிமன் 0.1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 160 தாள், முதுகு 16 மி.மீ. முன், பின், முதுகு சேர்த்து 274 மி.மீ., சுற்றிலும் 3 மி.மீ. வெட்டுமிகை (அச்சுக்குப் பின் வெட்டி எறியும் ஓரம்) கூட்டினால் 280 × 204 மி.மீ. 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் அது 3,307 × 2,409 பிக்சல். இரண்டு மடங்கில் வரைந்து சுருக்குவது நல்லது. பளபளக்கும் நீலம் அச்சின் நான்கு மை முறையான சிஎம்ஒய்கேயில் ஊதாவாக மாறும், இன்ஜின் தீயின் ஆரஞ்சு மங்கும். முடிவில் மாற்றிப் பார்த்து அதிர்வதைவிட, அச்சகம் தரும் நிறச் சுயவிவரத்தை (அச்சில் நிறங்கள் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) முதல் நாளே திரை முன்னோட்டத்தில் போட்டுக்கொள்ளுங்கள். விண்வெளிக் கறுப்புக்கு நான்கு மையையும் முழுதாகக் கொட்டாதீர்கள். மொத்தம் 300 சதவீதத்தைத் தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டும் அபாயம் உண்டு. சயான் 60, மெஜெந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 போதும்.

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை: முழுக் கதைப்பிரதி, இறுதிப் பக்க எண்ணிக்கை, எத்தனை திருத்தம், வேலை பாதியில் நின்றால் எவ்வளவு தொகை, எந்தப் பதிப்புகளுக்கு உரிமை, பதிப்புரிமைப் பக்கத்தில் ஓவியர் பெயர். தலைப்பு எந்தப் பகுதியில் வரும் என்று எழுத்து வடிவமைப்பவரிடம் வரைவு நிலையிலேயே பேசி வாங்குங்கள், இல்லையேல் கலத்தின் மூக்குமேல் எழுத்து உட்காரும். பின்னட்டையில் பார்கோடுக்கு ஏறத்தாழ 37 × 26 மி.மீ. இடத்தை அமைதியாக விட்டு, உங்கள் கையெழுத்தை வெட்டுக்கோட்டிலிருந்து 15 மி.மீ. உள்ளே போடுங்கள்.