நாற்காலியை நகர்த்தினால் பேஸ் ஏன் மாறுகிறது?

புதுச்சேரி வைசியாள் வீதிக்கு அருகில் பழைய வீடொன்றில் வசிக்கும் நண்பர், முற்றத்தை ஒட்டிய அறையைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். பேஸ், அதாவது தாழ்ந்த கனத்த ஒலி, போதவில்லை என்று இரண்டு முறை ஆம்ப்ளிஃபயரை மாற்றியவர், கடைக்காரர் பேச்சை நம்பி விலையுயர்ந்த கேபிளும் வாங்கியிருந்தார். சென்ற வாரம் அங்கே போனபோது, அறையின் நட்டநடுவில் போட்டிருந்த பிரம்பு நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். குரலும் வயலினும் துலக்கமாக இருந்தன. பேஸ் கிட்டார் மட்டும் சோகையாக ஒலித்தது. எழுந்து பின்சுவரோரம் போனதும் அதே கிட்டார் நெஞ்சில் அதிர்ந்தது, அங்கிருந்த அலமாரியின் கண்ணாடிக் கதவும் கூடவே கிணுகிணுத்தது.

அறையின் நீளத்தை அளந்தோம்: 4.2 மீட்டர். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். அறை நீளத்தின் இரு மடங்கான 8.4 மீட்டரை அலைநீளமாகக் கொண்ட ஒலியின் அதிர்வெண் 41.5 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி எழுப்பும் சுரமோ 41.2 ஹெர்ட்ஸ். இந்த ஒலி முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே மோதித் திரும்பும்போது, போகும் அலையும் வரும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இடம் பெயராத நிலை அலையாகிவிடுகின்றன. சுவரை ஒட்டிய காற்று அதைத் தாண்டி அசைய வழியில்லாததால் அங்கே அழுத்தம் ஏறி இறங்குகிறது. நடுவிலோ காற்று முன்னும் பின்னும் வேகமாக அசைந்தாலும் அழுத்தம் ஏறக்குறைய மாறுவதேயில்லை. காது உணர்வது அழுத்த மாற்றத்தைத்தான் என்பதால், கணு எனப்படும் அந்த அழுத்தம் மாறாத இடத்தில் உட்கார்ந்தவருக்கு எந்த ஆம்ப்ளிஃபயரும் உதவாது. சுரம் அடியோடு மறைந்துவிடுவதில்லை. அதே கம்பி கூடவே எழுப்பும் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸ் ஒலிக்கு நடு அறை உச்ச இடம் என்பதால் சுரம் இன்னதென்று மூளை ஊகித்துக்கொள்கிறது, கனம் மட்டும் போய்விடுகிறது.

கனத்த திரைச்சீலை போடலாமா என்று நண்பர் கேட்டார். அரங்குகளின் எதிரொலிப்பை முதன்முதலில் முறையாக அளந்த வாலஸ் சாபின், 1895இல் ஹார்வர்டில் தொடங்கிய சோதனைகளில், நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து விரிவுரைக் கூடத்தில் பரப்பி, எதிரொலிப்பு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று கணக்கிட்டார். அவர் ஊதிய ஆர்கன் குழலின் அதிர்வெண் 512 ஹெர்ட்ஸ்; அதன் அலைநீளம் முக்கால் மீட்டருக்கும் குறைவு. அதை மெத்தை விழுங்கும். 8.4 மீட்டர் அலைக்குச் சுவரோரத் திரைச்சீலை ஒரு பொருட்டே அல்ல, ஏனெனில் துணி ஒலியை உறிஞ்ச வேண்டுமானால் அதன் இழைகளினூடே காற்று அசைய வேண்டும், சுவரோரத்திலோ அசைவே இல்லை. திரையை மேலும் மேலும் தொங்கவிட்டால் மேல்சுரங்கள் மட்டும் மங்கும்.

பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அதாவது 1.4 மீட்டரில், 41, 82 ஹெர்ட்ஸ் நிலை அலைகள் இரண்டுக்குமே கணு இல்லை. இரண்டும் அங்கே பாதி அளவில் நிற்கின்றன. நாற்காலியை 70 சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்துப் போட்டோம். அதே பாட்டை மறுபடி ஓடவிட்ட நண்பர், முதல் சரணம் முடியும்வரை பேசாமல் இருந்துவிட்டு, அந்தக் கேபிளைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டார்.