மைக் வாங்கும் முன் மெத்தையைத் தூக்கி நிறுத்துங்கள்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “5,000 ரூபாய் மைக்கில் பாடிப் பதிவு செய்கிறேன். கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல் கேட்கிறது. 25,000 ரூபாய் மைக் வாங்கினால் சரியாகுமா?”

ஆகாது. அதே கிணறு இன்னும் துல்லியமாகக் கேட்கும். நானே பட்டவன். தவணையில், நுண்ணிய ஓசையையும் பிடிக்கிற ஒரு கண்டென்சர் மைக் வாங்கி வந்த அன்று, என் குரலைவிடப் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்தான் அழகாகப் பதிவானது.

சிக்கல் அறையில். சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். ‘டொய்ங்’ என்று ஒரு வால் நீளும். பாடும்போதும் அந்த வால் கூடவே பதிவாகிறது.

சரி, சுவரில் ஃபோம் ஒட்டலாமா? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த இயற்பியல் வருகிறது. ஒலி என்பது காற்று முன்னும் பின்னும் ஆடும் ஆட்டம். ஃபோமின் துளைகளிலும் பஞ்சின் இழைகளுக்கிடையேயும் அந்தக் காற்று உரசி ஓடும்போது ஒலி ஆற்றல் வெப்பமாகிறது. ஆக, காற்று ஆடுகிற இடத்தில்தான் பஞ்சுக்கு வேலை. சுவரை ஒட்டியிருக்கும் காற்று எப்படி ஆடும்? சுவர் வழிவிடாதே! அங்கே அழுத்தம்தான் ஏறி இறங்கும். ஆட்டம் கிட்டத்தட்ட பூஜ்யம். சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி வந்தால்தான் ஆட்டம் உச்சத்தைத் தொடும்.

ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். 4,000 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் கால் அலைநீளம் 2 செ.மீ.; 500 ஹெர்ட்ஸுக்கு 17 செ.மீ.; 100 ஹெர்ட்ஸுக்கு 86 செ.மீ. ஒரு அங்குல ஃபோமைச் சுவரோடு ஒட்டினால் ‘ஸ்’, ‘ஷ்’ போன்ற கூர்மையான ஓசைகள்தான் அடங்கும். குரலின் கனமான பகுதி அப்படியே அறையைச் சுற்றி வரும். கிணற்றுக்குப் போர்வை போர்த்திய கதைதான்.

முட்டை அட்டை ஒட்டுவது வாசலில் எலுமிச்சை, மிளகாய் கட்டுவதற்குச் சமம். மெல்லிய காகிதக் கூழ் எந்த ஒலியைத் தின்னும்? தீப்பற்றினால் மட்டும் நன்றாக எரியும்.

1895-ல் ஹார்வர்டில் எதிரொலியால் பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் பொறுப்பு அங்கிருந்த இயற்பியலாளர் வாலஸ் சபைனுக்கு வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து, ஓர் ஆர்கன் குழலும் நிறுத்துக் கடிகாரமுமாக, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் அப்படித்தான் பிறந்தது. நம் கல்லூரி ஆய்வகங்களில் நிதி இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த மெத்தைகள்தான் நினைவுக்கு வரும்.

உங்களுக்கும் மெத்தை போதும். பழைய இலவம்பஞ்சு மெத்தையை, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு, உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். மைக்குப் பின்னால் வேண்டாம். கார்டியாய்டு மைக், அதாவது முன்பக்கத்தைக் கூர்ந்து கேட்கும் வகை, தன் முதுகுப் பக்கத்தை அதிகம் கேட்காது. அது பார்ப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னாலிருக்கும் சுவரையும்தான். மெத்தை உறையில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று உள்ளே போனால் சரி. பிளாஸ்டிக் உறை என்றால் கழற்றிவிடுங்கள்.

அப்புறம், மைக்கை 30 செ.மீ. தூரத்திலிருந்து 15-க்குக் கொண்டு வாருங்கள். நேர்க்குரல் 6 டெசிபல் கூடும். அறையின் வால் அதே அளவில்தான் இருக்கும். இவ்வளவும் செய்த பிறகும் குறை தெரிந்தால் அந்த 25,000 ரூபாயைப் பற்றி யோசிக்கலாம்.

ஃபேனை நிறுத்த மறக்காதீர்கள். மதுரை வெயிலுக்கு, பல்லவி முடிந்ததும் ஒருமுறை போட்டுக்கொள்ளுங்கள்.