பலகைக்கு அடியில் தங்கும் தண்ணீர்

குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் பலருக்குத் தொழில் கொச்சித் துறைமுகத்தில்தான். அங்கே இரும்புப் படகு சாதாரணம். அதன் தட்டில் மரப்பலகை போடலாமா என்பதுதான் கேள்வி. தடைக்காலத்தில் கரையேற்றி வைத்திருந்த ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். மேல்தட்டு முழுக்க ஒட்டுப்பலகை, அதன்மேல் புதுப் பெயிண்ட். வெல்டர் ஒரு பலகையின் ஓரத்தில் உளியைக் கொடுத்து நெம்பினார். அடியில் துரு பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தது. “தண்ணி மேல நின்னா பயமில்ல அண்ணா, அடியில போனாத்தான் ஆபத்து” என்றார்.

திறந்த தட்டில் விழும் உப்புநீர் வழிந்துவிடும். மழை கழுவும், வெயில் காய வைக்கும். திருகாணி ஓட்டை வழியாகப் பலகைக்கு அடியில் இறங்கிய ஒரு கரண்டித் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. அங்கே ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆக்சிஜன் இல்லாத இடத்து இரும்பு எலக்ட்ரானை விட்டுக் கரையும். காற்றுப்படும் ஓரத்தில் அந்த எலக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். இரண்டு இடத்தையும் உப்புநீர் இணைக்கிறது. ஒரே தகடு தனக்குள்ளேயே பேட்டரி ஆகித் தன்னையே தின்கிறது. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அது பலகையைத் தூக்கும், தூக்கிய சந்தில் இன்னும் தண்ணீர் நுழையும்.

பசை போட்டு ஒட்டினால்? விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் தட்டின் சூடு 35 டிகிரி மாறினால், 10 மீட்டர் இரும்பு 4 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் 8. மரம் சூட்டுக்கு அவ்வளவு அசையாது, ஈரத்துக்கு அகலவாட்டில் ஊதும். இரண்டு பருவமழையும் பெய்யும் கரையில் இந்த இழுபறியைப் பசை எத்தனை நாள் தாங்கும்?

சரி, பிறகு ஏன் தட்டுக்கு மரம் வேண்டுமென்று கேட்கிறார்கள்? மதியம் வெறுங்காலோடு தட்டில் நின்றால் தெரியும். இரும்பு, தேக்கைவிடச் சில நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தாலும் பாதம் பொள்ளுவது இரும்பில்தான்.

என்னைக் கேட்டால் தட்டை வெறும் தகடாகவே விடலாம். காற்றழுத்தத்தில் மணல் வீசித் துருவைச் சுத்தமாக எடுத்து, எபாக்சி என்ற கெட்டிப் பிசினைப் பூசி, அது காயுமுன் உலர்ந்த மணலைத் தூவி, மேலே வெளிர்நிறப் பெயிண்ட் அடித்தால் காலும் வழுக்காது, சூடும் குறையும். வழுக்காமலிருக்க மேடு மேடாக வார்த்த செக்கர்டு பிளேட்டில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை: மேடுகளின் விளிம்பில் பெயிண்ட் மெலிந்து அங்கேதான் முதலில் துரு பிடிக்கும்.

அலுமினியப் படகென்றால் மரத்தில் வேறொரு வம்பு உண்டு. ரப்பர் மரம் உளுத்துப்போகாமலிருக்கத் தாமிர உப்பு ஏற்றுவார்கள். மழையில் கசியும் தாமிரம் அலுமினியத்தில் படிந்து குழிகுழியாக அரிக்கும்.

அந்தப் படகில் ஒட்டுப்பலகை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மணல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். படகை ஓட்டும் அறையான வீல் ஹவுஸின் வாசலில் மட்டும் ஒரு மரச்சட்டம். அதற்கும் திருகாணி கிடையாது, கயிற்றுக் கட்டுதான்.